விடுதிப் படிவத்தில் நான் அடித்த மேற்படி

எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளில் அதற்கு மாலை போட்டோம். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை அறுத்து இரண்டு பக்கமும் வைத்தோம். அதே அறையில் இருபத்தேழு வருடங்களாக மர நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு, மாலை என்பது ஓய்வு பெறும் நாளில்தான் என்று தெரியும். வந்த அன்றைக்கே வாங்கிக்கொண்ட அந்தப் பெட்டியின் மேல் எனக்கு முதல் நாளே கசப்பு.

நான் அந்த உயர்நிலைப் பள்ளியின் எழுத்தர். உத்தரகோசமங்கையிலிருந்து இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிய ஊர். பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் பள்ளி. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் ராமநாதபுரம் போக வேண்டும். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். காலை பஸ்ஸுக்கு டிரைவரின் உடல்நிலையைப் பொறுத்து ஒரு நேரம். ஆகவே பிள்ளைகள் பிளஸ் ஒன் படிப்பது என்பது அரசு விடுதியில் இடம் கிடைப்பதைப் பொறுத்தது. விடுதியில் இடம் கிடைப்பது நான் அனுப்பும் பட்டியலைப் பொறுத்தது. இப்படிப் பார்த்தால் அந்த வட்டாரத்தின் கல்வியே என் கையில்தான் இருந்தது. சம்பளத்தைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

வந்த கம்ப்யூட்டரில் இருந்தது லினக்ஸ். எனக்கும் இன்னும் நாற்பது எழுத்தர்களுக்கும் ராமநாதபுரத்தில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். முதல் நாள் திறப்பது எப்படி என்று சொன்னார்கள், இரண்டாம் நாள் மூடுவது எப்படி என்று சொன்னார்கள். நடுவில் என்ன செய்வது என்பதை மூன்றாம் நாள் சொல்வதாக இருந்தார்கள் போலிருக்கிறது, அதற்கு உத்தரவு வரவில்லை. பயிற்சி கொடுத்த தம்பி திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் பெருமையாகச் சொன்னார்.

"இதுல வைரஸே வராது சார்."

எங்கள் ஊருக்கு வைகைத் தண்ணீர் வராது, மதியத்துக்கு மேல் கரண்ட் வராது. இப்போது வைரஸும் வராது. நல்லது என்று டீயையும் வடையையும் முடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வருடம் பத்தாம் வகுப்பு முடிவு வந்த கையோடு விடுதிப் படிவம் வந்தது. எப்போதும் தபாலில் வரும், நான்கு பக்கம், நீளவாக்கில். அந்தத் தடவை அது மின்னஞ்சலில் வந்திருப்பதாகவும், நிரப்பி மின்னஞ்சலிலேயே திருப்பி அனுப்ப வேண்டுமென்றும், தாளில் அனுப்பினால் ஏற்க மாட்டோம் என்றும் ஒரு கடிதம் வந்தது. அந்தக் கடிதம் மட்டும் தபாலில், தாளில் வந்தது.

பள்ளியில் இணைய இணைப்பு கிடையாது. தலைமை ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு, அதன் கடவுச்சொல் எனக்குத்தான் தெரியும். பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ராமநாதபுரம் அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போய்ப் படிவத்தை இறக்கிக்கொண்டு, சாயங்கால பஸ்ஸில் ஊருக்குக் கொண்டுவந்தேன். மின்னல் வேகத்தில் கடிதம் போகும் காலம் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். எங்கள் மின்னல் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே வந்தது.

மறுநாள் காலையில் படிவத்தைத் திறந்தேன். அது வேறு கம்ப்யூட்டரில், வேறு எழுத்துருவில் செய்த படிவம். தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் கோழி கிளறிப் போட்ட மாதிரி இருந்தது. ஆனால் அந்தப் படிவத்தை வருடா வருடம் கையால் நிரப்பியவன் நான். முதல் பத்தி பெயர், அடுத்தது தகப்பனார் பெயர், அப்புறம் ஊர், தெரு, என்ன பிரிவு, தகப்பனார் தொழில், கடைசியில் 'விடுதி வேண்டுமா'. எழுத்தே இல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். பிரிவுப் பத்தியில் ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது. அதை அழுத்தினால் பிரிவுகள் வரிசையாகக் கீழே இறங்கும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று கடிதத்தில் போட்டிருந்தது. அழுத்தினேன். எதுவும் இறங்கவில்லை. சரி, நாமே அடிப்போம் என்று அடித்தால், கட்டம் பூட்டியிருக்கிறது, சாவிச் சொல் கொடு என்றது. படிவத்தை அனுப்பிவிட்டு அதை நிரப்பக் கூடாது என்று பூட்டும் யோசனை யாருக்கு வந்ததோ தெரியவில்லை.

அரை நாள் அதோடு மல்லுக்கட்டினேன். பிறகு ஒரு வெறும் தாளைத் திறந்து, அதே பத்திகளை அதே வரிசையில் நானே கட்டினேன். பூட்டும் இல்லை, அம்புக்குறியும் இல்லை. எனக்கு அவ்வளவு பெருமை. மாவட்டமே திணறும்போது நான் படிவத்தையே செய்துவிட்டேன் என்று தலைமை ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நீங்க இருக்கையில எனக்கென்ன சார் கவலை" என்றார். அவருக்கு எதிலுமே கவலை கிடையாது.

இனிமேல்தான் நான் செய்த காரியம். பட்டியல் எழுதுவதில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எனக்கு முன்னால் இருந்தவரிடமிருந்து வந்தது, அவருக்கு அவருக்கு முன்னால் இருந்தவரிடமிருந்து வந்திருக்கும். பிள்ளைகளைத் தெரு வாரியாக எழுதுவோம். ஊர்ப் பிள்ளைகள் முதலில், காலனிப் பிள்ளைகள் கடைசியில். ஒரு தெருவில் முதல் பிள்ளைக்கு மட்டும் தெரு, பிரிவு, தொழில், விடுதி வேண்டுமா வேண்டாமா எல்லாம் எழுதுவோம். அதற்குக் கீழே வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் 'மேற்படி'. காலனியில் எல்லாருக்கும் விடுதி வேண்டும், ஊர்ப் பெரிய தெருவில் யாருக்கும் வேண்டாம், ஆகவே ஒரே வார்த்தையில் வேலை முடியும். என் கையெழுத்தில் 'மேற்படி' பார்க்க அழகாக இருக்கும். ஆய்வுக்கு வந்த ஓர் அதிகாரி அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஐம்பத்திரண்டு பிள்ளைகள். கம்ப்யூட்டரில் இன்னும் வசதி. ஒரு கட்டத்தில் 'மேற்படி' அடித்து, அதன் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் கடகடவென்று இருபது மேற்படி விழுந்தது. அந்தப் பெட்டியின் மேல் எனக்கு முதல் தடவையாகப் பிரியம் வந்தது அப்போதுதான்.

பென் டிரைவோடு மறுபடி பஸ், மறுபடி பிரௌசிங் சென்டர். அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து மாவட்ட அலுவலகத்திலிருந்து போன்.

"சார், நீங்க அனுப்புன ஃபைல் ஓப்பனே ஆகலை. என்ன ஃபைல் சார் இது?"

லினக்ஸ் அதன் வழக்கப்படி சேமித்திருந்தது, அவர்கள் கம்ப்யூட்டருக்கு அந்த வழக்கம் தெரியவில்லை. ஒரே அரசாங்கம் வாங்கிக் கொடுத்த இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் ஊர்ப் பங்காளிகள் இதைவிடப் பரவாயில்லை, சாவுக்காவது பேசிக்கொள்வார்கள். அவர்கள் வழக்கத்தில் சேமிப்பது எப்படி என்று போனிலேயே கேட்டுக் குறித்துக்கொண்டு, மூன்றாவது தடவை பஸ் ஏறி அனுப்பிவைத்தேன். கிடைத்தது, திறந்தது என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அச்செடுத்துக் கோப்பில் வைத்தேன்.

பத்து நாளில் முதல் சுற்று விடுதிப் பட்டியல் வந்தது. அதைப் பலகையில் ஒட்டிய அன்று மதியமே கரிமூட்டக்காரர் வந்தார். சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுடுகிறவர், காலனியில் இருப்பவர். அவருடைய மகள்தான் அந்த வருடம் எங்கள் பள்ளியில் முதல் மதிப்பெண். அப்பா அறைக்கு வெளியிலேயே நின்றார், உள்ளே வந்தது மகள்.

"சார், லிஸ்ட்ல என் பேர் இல்ல சார்."

"நல்லாப் பாத்தியா?"

"நாலு தடவை பாத்துட்டேன் சார்."

நான் போய்ப் பார்த்தேன். இல்லை. அவளைவிட நூறு மதிப்பெண் குறைந்தவர்களெல்லாம் இருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஏதோ பிசகு என்று பட்டது. ஆனால் வாய் அதற்கு முன்னால் போய்விட்டது.

"கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பு" என்றேன்.

அந்த வார்த்தைக்கு இருந்த மதிப்பை அன்றுதான் பார்த்தேன். இருபத்தேழு வருடங்களாக எந்தத் தப்பு நடந்தாலும் "யாரு எழுதுனது?" என்று கேட்டார்கள். கம்ப்யூட்டர் என்றதும் யாரும் எதுவும் கேட்கவில்லை. வெளியே நின்ற அப்பா மழை வரவில்லை என்று கேட்டதுபோலத் தலையை ஆட்டினார்.

"அடுத்த வாரம் வாரேன் சார். இது மூட்டத்துக்கு வந்துருச்சுன்னா அப்புறம் படிப்பு அம்புட்டுத்தான். அத மட்டும் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு மகளை அழைத்துக்கொண்டு போனார்.

மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. போன் செய்தேன், சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். அடுத்த வாரம் அவர்கள் வந்தார்கள், அதற்கு அடுத்த வாரமும் வந்தார்கள். மூன்றாவது தடவை அந்தப் பெண்ணின் கையில் கரி அப்பியிருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். பள்ளிகள் திறந்து பிளஸ் ஒன் வகுப்புகள் தொடங்கிவிட்டன. எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, உண்மையிலேயே இறங்கவில்லை.

அப்போதுதான் பெரிய வீட்டுக்காரர் வந்தார். ஊரில் பாதி மிளகாய்க் கொல்லை அவருடையது, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவர்தான். எப்போதும் ஆள் அனுப்பி எங்களைக் கூப்பிடுகிறவர், அன்றைக்குத் தானே வந்தார். வந்த வேகத்தில் மேஜை மேல் ஒரு கடிதத்தை வீசினார்.

"என்னய்யா இது? எவன்யா எழுதுனது?"

அவருடைய மகளும் அந்த வருடம் பத்தாம் வகுப்பு தேறியவள். அவளுக்கு ராமநாதபுரத்தில் அரசு மாணவியர் விடுதியில் இரண்டாம் சுற்றில் இலவசமாக இடம் ஒதுக்கியிருப்பதாகக் கடிதம். அதில் அவள் பெயருக்கு நேரே தெரு: காலனி. பிரிவு: காலனியாருடையது. தகப்பனார் தொழில்: கூலி.

நான் வழக்கப்படி "கம்ப்யூட்டர்ல..." என்று ஆரம்பித்தேன். அவரிடம் அது செல்லவில்லை.

"கம்ப்யூட்டரு என் சாதிய மாத்துமாய்யா? இங்கனயே இப்பவே போனப் போடு."

போட்டேன். சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். பெரிய வீட்டுக்காரர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கித் தான் யார் என்று சொன்னார். மீட்டிங் அந்த நிமிடமே முடிந்துவிட்டது. மூன்று வாரங்களாக நான் எழுதிய கடிதங்களால் முடியாத காரியம்.

கம்ப்யூட்டரில் பட்டியலைப் பார்க்கிற தம்பியே பேசினார். பாவம், ஒளிவு மறைவில்லாத பையன். "சார், ஒவ்வொரு பள்ளி லிஸ்ட்டையும் தனித்தனியா பேர் வரிசைப்படி அடுக்கச் சொன்னாங்க, அடுக்கிட்டேன். உங்க லிஸ்ட்ல நெறைய எடத்துல மேற்படின்னு இருந்துச்சு. மேல என்ன இருக்கோ அதையே கீழ எறக்கிட்டேன் சார். வேற பள்ளியில எல்லாம் அம்புக்குறியில தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தாங்க. மேற்படி போட்டது நீங்க ஒரு ஆளுதான்."

போனை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரு வாரியாக நான் அடுக்கிய பிள்ளைகளை அவர் பெயர் வாரியாகக் கலைத்துவிட்டார். என் மேற்படிகள் எல்லாம் யார் யார் கீழோ போய் உட்கார்ந்துவிட்டன. பெரிய வீட்டுப் பெண் ஒரு காலனிப் பெண்ணின் கீழ் விழுந்தாள், கரிமூட்டக்காரர் மகள் ஒரு பெரிய தெருப் பெண்ணின் கீழ் விழுந்து விடுதி வேண்டாதவளாகிவிட்டாள். ஐம்பத்திரண்டு பேரில் பாதிப் பேருக்குச் சாதி மாறியிருந்தது. எத்தனையோ பெரியவர்கள் மேடை போட்டுப் பேசியும் நடக்காத ஒன்றை நான் மேற்படி போட்டே நடத்தியிருக்கிறேன். அதற்கு எனக்கு ஒரு சிலை வைத்திருக்கலாம், பெரிய வீட்டுக்காரர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"மாத்தி அனுப்புறேன் அய்யா. தப்பு என்னோடதுதான்" என்றேன். மூன்று வாரங்களாகக் கரிமூட்டக்காரரிடம் சொல்ல வராத வார்த்தை இவரிடம் ஒரு நிமிடத்தில் வந்தது. அதை நினைத்து இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

"என் மக வரிய மட்டும் மாத்து. மத்தது எப்படிக் கெடந்தா எனக்கென்ன" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வரியை மட்டும் மாற்றுவது கிடையாது, முழுப் பட்டியலையும் புதிதாக நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று மாவட்டத் தம்பி சொல்லியிருந்தார். நல்ல வேளை. இன்னொன்றும் சொன்னார்: மாணவியர் விடுதி நிரம்பிவிட்டது, உங்கள் பெரிய வீட்டுப் பெண்ணின் இடத்தை ரத்து செய்தால் அந்த ஒரு இடம் கரிமூட்டக்காரர் மகளுக்குக் கிடைக்கும், புதுப் பட்டியல் நாளைக்குள் வர வேண்டும். ஆகவே அன்று மதியம் கரண்ட் போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். தெரு வாரியும் இல்லை, பெயர் வாரியும் இல்லை. முதல் வரியில் கரிமூட்டக்காரர் மகள். என் மனசாட்சிக்காக. இரண்டாவது வரியில் பெரிய வீட்டுப் பெண். என் பயத்துக்காக. மற்ற ஐம்பது பேரும் அதற்குப் பிறகு. ஒவ்வொரு கட்டமும் முழுதாக, ஒரு மேற்படி கூட இல்லாமல்.

முதல் வரியை அடித்து முடித்திருந்தேன். பெயர், தகப்பனார் பெயர், ஊர், காலனி, பிரிவு, கூலி, வேண்டும். நிமிர்ந்தால் கதவருகே பெரிய வீட்டுப் பெண் நிற்கிறாள். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்ததாகச் சொன்னாள். அது போன வாரமே அவர்கள் வீட்டு ஆள் வந்து வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

"உள்ள வா" என்றேன்.

வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தாள். அவள் கையில் ஒரு பை. பைக்குள் நான்கைந்து புது நோட்டுகள், அட்டை போட்டு, பெயர் எழுதும் இடத்தில் பெயரும், அதற்குக் கீழே 'பிளஸ் ஒன்' என்றும் எழுதியிருந்தது. கடிதம் வந்த அன்றைக்கே தபால்காரரிடம் வாங்கியவள் அவள்தானாம். இரண்டு நாள் யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறாள். எனக்கு அது வரைக்கும் தோன்றவே இல்லை, அந்தக் கடிதத்தைப் பார்த்து அந்த வீட்டில் ஒருத்திக்குச் சந்தோஷம் வந்திருக்கும் என்று. பெரிய தெருவில் யாருக்கும் விடுதி வேண்டாம் என்று நான் வருடா வருடம் எழுதிக்கொண்டிருந்தேனே, எந்தப் பிள்ளையிடமும் கேட்டு எழுதியதில்லை. தகப்பன்மார் கையெழுத்துப் போட்ட சீட்டைப் பார்த்து எழுதுவேன்.

"அய்யாகிட்ட கேட்டுப் பாத்தியா?"

"கேட்டேன் சார். பத்து போதும்னுட்டாக. தையில கல்யாணம்."

நான் இரண்டாவது வரியை அடித்தேன். பெயர். தகப்பனார் பெயர். ஊர். தெரு. பிரிவு. விவசாயம். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது. அவளும் அந்தக் கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு நேர் மேலே, கரிமூட்டக்காரர் மகளின் கட்டத்தில், 'வேண்டும்' என்று இருந்தது.

"சார்" என்றாள். "எனக்கு இந்த ஒரு எடத்துல மட்டும் மேற்படின்னு போட்ருங்களேன் சார்."

அந்தப் பட்டியலில் எத்தனை மேற்படி போட்டிருப்பேன். ஒன்றையாவது யாரையாவது கேட்டுப் போட்டேனா? கேட்டுப் போடச் சொன்னவள் அவள் ஒருத்திதான். விடுதியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு இடம், அது மேல் வரியில் இருப்பவளுடையது, அவள் கையில் ஏற்கெனவே கரி ஏறியிருந்தது. இதையெல்லாம் நான் அந்தப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்லியிருக்கலாம். அவளுடைய அய்யாவிடம் ஒரு வார்த்தை பேசிப் பார்த்திருக்கலாம். செருப்பு ஞாபகம் வந்தது.

"கம்ப்யூட்டர் இப்ப மேற்படிய எடுத்துக்கறதில்லம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அடுத்த பஸ்ஸில் பட்டியலோடு போய் அனுப்பினேன். கரிமூட்டக்காரர் மகளுக்கு இடம் கிடைத்தது, அந்த வாரமே பெட்டியோடு போய்ச் சேர்ந்தாள். தை மாதம் பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். நான் கட்டிய அந்தப் படிவம் இன்னும் எங்கள் பள்ளி லினக்ஸில்தான் இருக்கிறது. ஐம்பத்திரண்டு வரியிலும் ஒரு கட்டம் கூட காலி இல்லை, எழுத்துப்பிழை இல்லை, எல்லாம் உண்மையான விவரம். இரண்டாவது வரியின் கடைசிக் கட்டத்தில், அவள் என் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே, அவளுக்காக நான் அடித்த 'வேண்டாம்' இருக்கிறது.